பூரிக் கடலும் நுலியாக்களும்

பூரியின் வரலாற்றைக் கோயிலையும் விடுதிகளையும் கொண்டே பெரிதும் பேசுகிறோம். மகோததி எனப் போற்றப்படும் அக்கடலில் யாத்திரிகர் காலங்காலமாகப் புனித நீராடினர். 1897இல் இருப்புப்பாதை வந்தது. 1925இல் வங்காள-நாகபுரி இரயில்வேயின் விடுதி எழுந்தது. சடங்காக இருந்த நீராடல் பொழுதுபோக்கும் ஆயிற்று.

ஆயினும் கரையில் மோதி உடையும் பேரலையும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் மாறவில்லை. வெளியூரார் கைபற்றி அலைக்குள் அழைத்துச் சென்று, பத்திரமாகக் கரைசேர்த்தோர் நுலியாக்கள் என்னும் தெலுங்கு பேசும் மீனவர். கூம்புத் தொப்பி அவர்தம் அடையாளம். அலை எங்கே உடையும், எப்போது மூழ்கி அதனைக் கடக்கவேண்டும் என்பது கட்டுமரம் கற்பித்த அறிவு.

2020இல் பூரியின் பொற்கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மையோடு நீராடுவோர் பாதுகாப்பும் அதன் அளவுகோல். அப்பாதுகாப்பைத் தலைமுறைகளாகத் தம் உடலால் அளித்தோர்க்கு நம் வரலாற்று நூல்களில் ஓர் அத்தியாயமேனும் வேண்டாமா?