காமா நைஃப் கோலிமேட்டர்

காமா நைஃப் கோலிமேட்டர் என்பது மூளைக் கட்டிகள், இரத்தக்குழாய்ப் பிறழ்வுகள், முக நரம்பு வலி ஆகியவற்றுக்குச் சிகிச்சை தரும் காமா நைஃப் இயந்திரத்தின் ஒரு பாகம். கோபால்ட்-60 கதிர்களைத் தன் துளைகள் வழியே மெல்லிய கற்றைகளாக்கி ஒரே புள்ளியில் சேர்ப்பது இதன் வேலை. நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸ், துளையின் அகலத்தையும் அத்துளை வழியே வரும் டோஸை எவ்வளவு சரியாக அளந்தார்கள் என்பதையும் பொறுத்தது.

தோற்றம்

சுவீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் கதிர்களை ஒரே புள்ளியில் சேர்த்துச் சிகிச்சை தரும் கருத்தை முன்வைத்தார். 1968-இல் ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கிய முதல் இயந்திரத்தில் 179 கோபால்ட் மூலங்கள் இருந்தன. அதன் துளைகள் பிளவு வடிவில் இருந்ததால் டோஸ் தட்டையாக விழுந்தது. கட்டிகளுக்கு உருண்டையான டோஸ் தேவைப்பட்டதால் பின்னர் வட்டத் துளைகள் வந்தன. மூலங்களும் 201 ஆயின.

டெல்லியில்

அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் (எய்ம்ஸ்) காமா நைஃப் 1997-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காலத்து மாடல்களில் துளை அகலம் 4, 8, 14, 18 மி.மீ. என நான்கு கோலிமேட்டர் தலைக்கவசங்கள் இருந்தன. நோயாளியின் தலை உலோகச் சட்டத்தில் திருகுகளால் பொருத்தப்படும். பார்வை நரம்பின் பக்கம் போகும் கற்றைகளைத் தடுக்க, அந்தந்தத் துளையில் அடைப்பான் செருகினார்கள்.

அளவுச் சிக்கல்

18 மி.மீ. கவசத்தின் டோஸ் வீதத்தை 1 என்று கொண்டு, மற்றவற்றை அதன் பின்னமாகக் குறிப்பது அம்மாடல்களில் வழக்கமாக இருந்தது. 4 மி.மீ. கற்றையில் டோஸ் நடுவில் உச்சத்தைத் தொட்டு உடனே சரியும். அளவிடும் கருவி சற்றே பெரிதாக இருந்தாலும் உச்சத்தோடு சரிவையும் சேர்த்துச் சராசரி காட்டிவிடும். அளவு குறைவாகத் தெரியும். இக்கவசத்துக்குத் தயாரிப்பாளர் முதலில் தந்த பின்னம் 0.80. சிறிய உணர்விகளாலும் ஃபிலிமாலும் அளந்த பிறகு, 1990களின் பிற்பகுதியில் அது 0.87 எனத் திருத்தப்பட்டது. முக நரம்பு வலிக்கு 80 கிரே (டோஸின் அலகு) என்று எழுதிப் பழைய பின்னத்தால் நேரம் கணக்கிட்டிருந்தால், நரம்பில் சேர்ந்தது உண்மையில் 87 கிரே. திருத்தத்துக்கு முந்தைய மருத்துவ ஆய்வுகளின் டோஸ்களை இந்த வேறுபாட்டோடுதான் ஒப்பிட முடியும்.

பிந்தைய மாற்றங்கள்

2006-இல் வந்த பெர்ஃபெக்ஷன் மாடலில் கவசங்கள் இல்லை. 192 மூலங்கள் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு 4, 8, 16 மி.மீ. துளைகளுக்குத் தாமே நகர்கின்றன. தேவைப்பட்டால் ஒரு பகுதியை முழுதும் மூடலாம். கவசம் மாற்றுவதிலும் அடைப்பான் செருகுவதிலும் நேரக்கூடிய கைப்பிழைகள் இதனால் நீங்கின. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. டோஸ் வீதம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைவதால் சிகிச்சை நேரம் அதற்கேற்பக் கூட்டப்படுகிறது. சிறிய கற்றைகளை அளப்பதற்கான பன்னாட்டு அணுசக்தி முகமையின் டிஆர்எஸ்-483 வழிமுறை 2017-இல் வெளியானது. உணர்வி ஒவ்வொன்றுக்கும் கற்றையின் அகலத்துக்கேற்ற திருத்தக் காரணியை அது தருகிறது.