கல்லுப்பும் ஒரு துருவப் பயணியும்

1912-ல் முனிக் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ஃபான் லாவே ஒரு யோசனை சொன்னார். படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், உள்ளே வரிசையாக இருக்கும் அணுக்கள் அதைச் சிதறடித்துப் போட்டோத் தகட்டில் புள்ளிகளாக விழவைக்கும் என்றார். பேராசிரியர் ஸோமர்ஃபெல்டுக்கு நம்பிக்கை இல்லை. சாதாரண அறைச் சூட்டிலேயே அணுக்கள் ஓயாமல் ஆடுகின்றனவே, ஒழுங்கான புள்ளி எப்படி வரும்? நியாயமான கேள்விதான். ஆனாலும் ஃப்ரீட்ரிஷும் க்னிப்பிங்கும் மயில்துத்தப் படிகத்தை வைத்துச் சோதித்தார்கள். புள்ளிகள் விழுந்தன!

அப்படியானால் அந்த ஆட்டம் எங்கே போயிற்று? ஸோமர்ஃபெல்டிடம் படித்த டிபை 1913-ல் கணக்குப் போட்டார். காலை வழிபாட்டில் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நெளிவார்கள், வரிசை மட்டும் கலையாது, பார்த்திருப்பீர்கள். அணுக்களும் அப்படியே. அதனால் புள்ளியின் இடம் மாறாது, கூர்மையும் குறையாது, பிரகாசம்தான் குறையும். சூடு ஏற ஏற மங்கும். அதிகக் கோணத்தில் சிதறும் புள்ளிகள் இன்னும் வேகமாக மங்கும். குறைந்த ஒளி புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய புகைபோலப் பரவிவிடும். டிபை கணக்கில் இருந்த 2 மடங்குப் பிழையை 1923-ல் சுவீடனின் ஐவர் வாலர் திருத்தினார். டிபை-வாலர் காரணி என்று இருவர் பெயரும் சேர்ந்தது இப்படித்தான்.

எனக்குப் பிடித்த ஆள் இனிமேல்தான் வருகிறார். ஆர். டபிள்யூ. ஜேம்ஸ். ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பலில் இயற்பியலாளராகத் தென் துருவக் கடலுக்குப் போனவர். கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. 1916-ல் எலிஃபன்ட் தீவில், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் 22 பேரில் ஒருவராக நாலரை மாதம் கிடந்தார். அந்தக் குளிரைத் தாண்டி வந்தவர், மான்செஸ்டரில் லாரன்ஸ் பிராக்கின் ஆய்வகத்தில் கல்லுப்புப் படிகத்தைத் திரவக் காற்றில் குளிரவைத்து அளக்க உட்கார்ந்தார்!

கேள்வி இதுதான்: தனிச்சுழி வெப்பநிலைக்கே போனால் அணுக்கள் அசையாமல் நின்றுவிடுமா? அசையாத அணு எவ்வளவு சிதறடிக்கும் என்பதற்கான கணக்கை ஹார்ட்ரீ செய்தார். வாலரும் சேர்ந்துகொண்டார். 1928-ல் முடிவு வந்தது. தனிச்சுழியிலும் அணுக்களுக்கு ஒரு நடுக்கம் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் அளவும் கணக்கும் ஒத்துப்போயின. குவாண்டம் கொள்கை சொன்ன அந்த மிச்ச ஆற்றல் சாதாரண உப்பில் அகப்பட்டது.

ஜேம்ஸ் 1937-ல் கேப் டவுனுக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே அவரிடம் படிகவியல் கற்ற ஆரன் க்ளுக் 1982-ல் வேதியியல் நோபல் பெற்றார்.