அடுப்புக்குள் போன சூட்டிறைச்சி

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்கக் கறிக்கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கும் துண்டு ஒன்று உண்டு. மாட்டின் ஆறாம் விலாவிலிருந்து பன்னிரண்டாம் விலா வரை, எலும்போடு சேர்த்து அறுத்த கறி. ‘பிரைம் ரிப்’ என்பார்கள். அதை வீட்டு ஓவனில் சில மணி நேரம் வைத்து, வெளியே பழுப்பும் உள்ளே இளஞ்சிவப்புமாக எடுத்து, விருந்தாளிகள் முன்னால் அரிந்து பரிமாறுவது பண்டிகைச் சடங்கு போலவே ஆகிவிட்டது. பழைய இங்கிலாந்திலிருந்து வீட்டுக்கு வீடு கைமாறி வந்த சமையல் இது என்பது பரவலான நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. பழைய இங்கிலாந்தின் ரோஸ்ட் வேறு சமையல். இன்று வீட்டில் நடப்பதை அந்தக் காலத்துச் சமையல்காரர் பார்த்தால், ரொட்டி சுடுவது போலக் கறியை ‘பேக்’ செய்கிறார்கள் என்றுதான் சொல்லியிருப்பார். செய்முறை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. நம் ஓட்டல்களில் கேட்டு வாங்கும் நெய் ரோஸ்ட் எந்தக் கம்பியிலும் சுழன்றதில்லை.

ரோஸ்ட் என்றால் திறந்த நெருப்புக்கு முன்னால் சுழலும் கறி. நெருப்புக்கு மேலே அல்ல, முன்னால். கம்பியில் கோத்த கறி தணலுக்கு எதிரே சுழல, அடியில் ஒரு தட்டு சொட்டும் கொழுப்பைப் பிடிக்கும். அதையே கரண்டியால் மொண்டு கறிமேல் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தட்டில் மாவைக் கரைத்து ஊற்றினால் அதுவே யார்க்‌ஷயர் புட்டிங். அந்தப் பெயரிலேயே 1747-இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் செய்முறை தந்திருக்கிறார். இந்த முறையில் வெப்பம் முதலில் காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றின் வழியாகக் கறியைத் தொடுவதில்லை. வெயில் முதுகில் சுடுவது போல நேராக வந்து விழுகிறது. கறியிலிருந்து எழும் ஈரத்தைப் புகைபோக்கி இழுத்துக்கொள்வதால் மேற்புறம் உலர்ந்து மொறுமொறுக்கும். சுழல்வதால் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் சுட்டு, கொஞ்சம் ஆறி, உள்ளே சூடு நிதானமாக இறங்கும். இந்தச் சுழற்றலுக்கு ஓயாத கை ஒன்று வேண்டும். சில வீடுகளில் அது சிறுவனின் கை. சில வீடுகளில் நாயின் கால். சுவரில் பதித்த சக்கரத்துக்குள் ஓடிக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய் இனம் ஒன்று இருந்தது. 1576-இல் ஆங்கிலத்தில் வந்த ஜான் கீஸின் நாய்கள் பற்றிய நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. இன்று அந்த இனம் இல்லை. பாடம் செய்த ஒன்று வேல்ஸின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆங்கிலேயர் மாட்டுக்கறி ரோஸ்ட்டைத் தேசியச் சின்னமாகவே கொண்டாடினார்களே, அது எப்படி வீட்டு வழக்கம் இல்லாமல் போகும் என்று கேட்கலாம். கொண்டாடியது உண்மை. 1731-இல் ஹென்றி ஃபீல்டிங் தன் நாடகம் ஒன்றுக்காக எழுதிய மாட்டுக்கறிப் பாட்டு ஊரெல்லாம் பரவியது. 1748-இல் ஹோகார்த் வரைந்த கலே நகரவாயில் ஓவியத்தின் நடுவே, பிரெஞ்சுக்காரர்கள் சூழ ஒரு பெரிய மாட்டுக்கறித் துண்டு பயணம் போகிறது. ஆனால் கொடியில் இருப்பதெல்லாம் சட்டியில் இருந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய விலாத்துண்டைச் சுழற்றிச் சுட பெரிய கணப்பு, நாள் முழுக்க எரியும் விறகோ நிலக்கரியோ, பக்கத்திலேயே நிற்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். அவை பெரிய வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்தன. ஓரளவு வசதியுள்ளவர்கள், புட்டி வடிவப் பித்தளைக் கருவியைச் சாவி கொடுத்துத் தொங்கவிட்டுச் சிறு துண்டைச் சுழற்றிக்கொண்டார்கள். ஏழைகளோ கறியைத் தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். 1843-இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் கிராட்சிட் குடும்பத்தின் வாத்து வெந்து வருவது ரொட்டிக்கடை அடுப்பிலிருந்துதான். ஆக, இன்றைய வீட்டு முறைக்கு உண்மையான மூதாதையைத் தேடினால் பிரபுவின் கணப்பைவிட ரொட்டிக்காரரின் அடுப்பே நெருக்கம். பிரபுவின் பெயரை வைத்துக்கொண்டு ரொட்டிக்காரரின் வழியில் சமைக்கிறார்கள்.

சுட்டால் என்ன, வேகவைத்தால் என்ன, வெறும் சொல்வித்தியாசம்தானே என்பது வலுவான ஆட்சேபம். தமிழில் தோசையும் சுடுகிறோம், அப்பளமும் சுடுகிறோம், கறியும் சுடுகிறோம். ஆனால் அந்தக் காலத்தவர்க்கு இது நாக்கின் விஷயம். மூடிய அடுப்பில் கறி தன் ஆவியிலேயே வேகும். தட்டில் விழுந்த கொழுப்பு தீய்ந்து புகை நாற்றம் ஏறும். இந்தக் குறையை ஒப்புக்கொண்டு அதற்கு விடை தேடியவர் பெஞ்சமின் தாம்ப்சன் என்ற கவுண்ட் ரம்ஃபோர்ட். 1753-இல் மாசசூசெட்ஸில் பிறந்து, அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் பக்கம் நின்று, பின்னர் பவேரிய அரசில் உயர்பதவி வகித்தவர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் செய்த ரோஸ்டர் ஓர் இரும்பு உருளை. கொழுப்பு தீயாமலிருக்கத் தட்டுக்கு அடியில் தண்ணீர். உருளையின் அடியில் இரண்டு ஊதுகுழாய்கள். கறி வெந்து முடியும் தறுவாயில் குழாய்களைத் திறந்தால் உலர்ந்த சூட்டுக்காற்று உள்ளே பாய்ந்து ஆவியை விரட்டி மேற்புறத்தைப் பழுப்பாக்கும். வெறும் சொல் என்றால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதில்லை. நியூ ஹாம்ப்‌ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் 1807-இல் கட்டிய ரண்ட்லெட்-மே வீட்டில் இந்த ரோஸ்டர் இன்றும் இருக்கிறது. பிறகு வந்த மலிவான வார்ப்பிரும்பு அடுப்புகள் ஊதுகுழாயைக் கைவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன.

அடுப்பு வீட்டுக்கு வந்தது இப்படி. கறியை வீட்டுக்குக் கொண்டுவரும் மற்ற வேலையை ரயிலும் பனிக்கட்டியும் செய்தன. சிகாகோவின் மாபெரும் கால்நடைச் சந்தை திறந்த நாள் 1865 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் கறியின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தேதியைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. இறைச்சி வணிகர் குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் குளிர்பெட்டி ரயில்களை ஓட்டிய பிறகு, கிழக்குக் கரை நகரங்களுக்கு உயிரோடு மாட்டை அனுப்பாமல் அறுத்த கறியையே அனுப்ப முடிந்தது. ‘பிரைம்’ என்ற அரசாங்கத் தரமுத்திரை 1927-இல் வந்தது. துண்டின் பெயர் அதற்கும் முந்தியது. ஆகவே இன்றும் பிரைம் ரிப் என்று விற்கும் கறி பிரைம் தரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் 1923-இல் ‘ரெகுலோ’ என்ற வெப்பக் கட்டுப்பாட்டோடு கேஸ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. இத்தனை டிகிரியில் இத்தனை மணி என்று வீட்டுப் பெண்களுக்கு எழுதித் தருவது அதன் பிறகே அர்த்தமுள்ளதாயிற்று. அதற்கு முன் அடுப்புக்குள் கையை நீட்டி, எத்தனை எண்ணும் வரை தாங்குகிறது என்று பார்ப்பதே கணக்கு.

இடையில் ஒரு பிழை புகுந்தது. பழைய ரோஸ்ட்காரர்கள் கறியை முதலில் நெருப்புக்குத் தள்ளி வைத்து, கடைசியில் கிட்டே நகர்த்திப் பழுப்பாக்கினார்கள். 1847-இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக், தொடக்கத்திலேயே கடும் சூடு காட்டினால் மேற்புறம் இறுகிச் சாறு வெளியேறாது என்றார். சமையல் நூல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சாறு அப்படி அடைபடுவதில்லை. பொரியும் சட்டியில் சாறு கசிந்து ஆவியாகும் சத்தமே அதற்குச் சாட்சி. இன்று வீடுகளில் பரவியிருக்கும் முறை வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறது: 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் கறியின் நடுப்பகுதி 50-ஐத் தாண்டும் வரை வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டு, பரிமாறும் முன் 250 டிகிரியில் சில நிமிடம் காட்டுவது. விளிம்பில் சாம்பல் நிறப் பட்டை விழாமல் துண்டு முழுக்க ஒரே சிவப்பாக வருகிறது. இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்பவர்கள், ரம்ஃபோர்ட் மியூனிக் ஏழையர் விடுதியில் உருளைக்கிழங்கு உலர்த்தும் கருவிக்குள் ஆட்டின் தோள்கறியை வைத்துப் பார்த்ததைக் கவனிக்கவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்தும் வெந்த அறிகுறியே இல்லாததால் அவர் சலித்துப்போய்ச் சமையல்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் இரவு முழுக்க அதைக் கருவியிலேயே விட்டுவைத்தார்கள். காலையில் கறி பக்குவமாக வெந்திருந்தது.