வல்லாளன் கோபுரமும் கப்பர்நகூம் வீடும்

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாளன் கோபுரத்தைக் காட்டுகிறவர்கள் அருணகிரிநாதர் கதையையும் சேர்த்தே சொல்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இதே ஊரில் வாழ்ந்தவர். காமத்தில் கைப்பொருளைத் தொலைத்தார். உடம்பைப் பெருநோய் பற்றியது. மனம் வெறுத்துக் கோபுரத்தின் மேலிருந்து குதித்தார். முருகன் தாங்கிப் பிடித்து, நோயையும் நீக்கி, பாடச் சொன்னான். குற்றம், நோய், மன்னிப்பு, சுகம் நான்கும் இக்கதையில் ஒரே சரடில் கோத்தவை. இதே ஊரில், டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் எழுப்பிய கிறிஸ்தவர்களின் வேதாகமத்தையும் பலர் இப்படித்தான் வாசித்திருக்கிறார்கள்: பாவம் செய்தவனுக்கு நோய் வந்தது, மன்னித்ததும் போய்விட்டது என்று. இரண்டு இடத்திலும் அந்தச் சரடு மூலநூலில் இல்லை, கேட்டவர்களும் கதை சொன்னவர்களும் கோத்தது என்பதே என் எண்ணம்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தைப் பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு முதலில் அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அவன் எழுந்துவிடவில்லை. வேதபாரகர் சிலர், மன்னிக்க இவர் யார் என்று உள்ளுக்குள் முணுமுணுத்த பிறகுதான், தமக்கு அந்த அதிகாரம் உண்டு என்று காட்ட அவனை எழுப்புகிறார். மன்னிப்பே மருந்தாக இருந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே அவன் நடந்திருக்க வேண்டும். அவன் முடங்கியது எதனால் என்பது பற்றி மாற்கு ஒரு சொல்கூட எழுதவில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது தொழுநோயாளர் கதைகள். மாற்கு முதல் அதிகாரத்தில் வரும் ஒருவரிடமும், லூக்கா பதினேழில் வரும் பத்துப் பேரிடமும் இயேசு பாவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முதலாமவரைக் கை நீட்டித் தொடுகிறார், அவ்வளவுதான். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்று மறுக்கிறார். யோவான் ஒன்பதில் இருக்கிறது.

மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பழைய ஏற்பாட்டில் மிரியாமுக்கும் கேயாசிக்கும் உசியா அரசனுக்கும் தொழுநோய் தண்டனையாகவே வருகிறது. யோவான் ஐந்தில், குணமானவனிடம் இனிப் பாவம் செய்யாதே, இதைவிடக் கேடானது வரும் என்று இயேசுவே எச்சரிக்கிறார். ஆனால் அந்த மூவரும் என்ன செய்தார்கள் என்பதை நூலே சொல்லிவிடுகிறது. அந்த மூன்று நிகழ்ச்சிகளை எடுத்து நோயுற்ற ஒவ்வொருவர் மேலும் போடுவதற்கு நூல் இடம் தரவில்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள், கடவுளால் கடிந்துகொள்ளப்பட்டார்கள். நோயாளிக்காக ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபின் நிருபமும், அவன் பாவம் செய்தவனானால் அது மன்னிக்கப்படும் என்று ஒரு 'ஆனால்' வைத்தே பேசுகிறது. யோவான் ஐந்தின் எச்சரிக்கையோ வரும் நாளைப் பற்றியது. அந்த மனிதன் அதுவரை அனுபவித்த முப்பத்தெட்டு வருட நோய்க்குக் காரணம் சொல்வதல்ல.

அருணகிரிநாதரிடமும் இதே நிலைதான். அவர் பாடல்களில் தன்னைத்தானே கடிந்துகொள்ளும் குரல் நிறைய உண்டு. வாழ்க்கைக் கதை அந்தக் குரலிலிருந்து வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் நோய்க்கென்றே அவர் பாடிய திருத்தணித் திருப்புகழில் இருமல், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை, சூலை என்று பட்டியல் நீள்கிறதே தவிர, எந்தக் குற்றத்துக்கு எந்த நோய் என்ற கணக்கு இல்லை. எப்பிறவியிலும் இவை வருத்தாதிருக்க உன் தாள்களைத் தா என்கிறார். வேண்டுதல் இருக்கிறது, தீர்ப்பு இல்லை. இதே மலையடிவாரத்தில் ரமண மகரிஷி கையில் வந்த புற்றுக்கட்டியோடு 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அதை அவர் செய்த குற்றத்தின் கூலி என்று சொல்ல எந்த அடியவருக்கும் தோன்றவில்லை. மகானுக்குத் தரும் அந்த நியாயத்தைக் கோயில் வாசலில் கையேந்திய தொழுநோயாளருக்கு ஏன் தரவில்லை என்பதே கேள்வி.

அறிவியல்தான் இந்தக் கட்டை அவிழ்த்தது, வேதமோ பாட்டோ அல்ல என்று சிலர் சொல்லலாம். பாதிதான் உண்மை. நார்வேயின் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல். அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1898இல், பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்கவும், பொதுக் கிணற்றிலிருந்து விலக்கவும் இந்தியாவில் சட்டம் வந்தது. காரணம் தெரிந்தும் அச்சம் தணியவில்லை. தொட்டுப் பழகுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். திருவண்ணாமலை அப்போது சேர்ந்திருந்த வடஆற்காடு மாவட்டத்தின் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவமனைக்கு 1946இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போனதால் காயப்பட்டே தேய்கின்றன என்று காட்டினார். மடங்கிய கைகளை அறுவை செய்து மீண்டும் பயன்பட வைத்தார். கிறிஸ்தவ மருத்துவமனைகள் மதம் மாற்றவே வைத்தியம் பார்த்தன என்ற குற்றச்சாட்டும் உண்டு. பிரசங்கம் நடந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக்கொண்டு, கை திரும்பக் கிடைத்தவருக்கு அந்த வைத்தியத்தின் மதிப்பைக் குறைத்துவிட முடியாது. சட்டமோ மெதுவாகவே மாறியது. 1898 சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்கோ பிரிந்து வாழ்வதற்கோ காரணமாக வைத்திருந்த ஐந்து சட்டங்கள் 2019இல் திருத்தப்பட்டன. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும் அந்த ஐந்தில் ஒன்று.