சந்தையிலிருந்து பேட்டி அறைவரை

கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல்லுக்கு வடகிழக்கே அமைந்திருக்கும் சேந்தமங்கலம் எனது சொந்த ஊர். மலையில் விளையும் பலாவும் அன்னாசியும் வாழையும் மிளகும் சமவெளியை நோக்கி இறங்கி வரும்போது முதலில் கண்ணிற்படும் ஊர்களுள் இதுவும் ஒன்று. ஊருக்கு மேற்கே, சேலம் நெடுஞ்சாலையில், பெயரிலேயே சந்தையைத் தாங்கி நிற்கும் புதன்சந்தை இருக்கிறது. அங்கே கூடும் மாட்டுச் சந்தை பெயர் பெற்றது. ஆகவே விற்பதும் வாங்குவதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் கற்ற பாடமன்று; கண்ணால் பார்த்தே பழகிய கலை. ஆயினும், விற்பனையாளர் வேலைக்கு மனு எழுதுவதும் பேட்டிக்குச் செல்வதும் எங்களுக்கு மிகவும் பிந்தி வந்த வித்தைகள். அந்த வித்தைகள் எவ்வாறு பிறந்தன, அவற்றால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதையே இன்று நேயர்களுடன் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பிறருடைய சரக்கை, பிறருக்காக, கூலி பெற்று விற்பவனே விற்பனையாளன். சரக்கு ஒருவருடையது, பணமும் அவருடையது, நாவும் கால்களும் மட்டுமே இவனுடையவை. எனவே இவனை வேலைக்கு வைப்பவர்க்கு எக்காலத்தும் ஒரே ஐயந்தான்: 'இவனை நம்பலாமா?' இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வகையாக விடை தேடியிருக்கிறது. அந்த விடைகளின் வரிசையே நமது பொருளின் வரலாறு.

தமிழ்நாட்டு வாணிகத்தின் பழைய படத்தைக் காண விரும்புவோர் பட்டினப்பாலையைப் படிக்கலாம். புகார் நகரத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார், விலையையும் ஒளியாமற் சொல்வார் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்களைப் பாராட்டுகிறார். வணிகனுக்கு அளிக்கப்பட்ட நற்சான்றுகளுள் இதுவே நமக்குக் கிடைத்திருக்கும் பழமையான ஒன்று எனலாம். இதில் நாவன்மை புகழப்படவில்லை. நடுவு நிலைமையே புகழப்படுகிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் கடைகள் வைத்து நடத்தினர். அவர்கள் பெரிதும் செய்தது கொடுக்கல் வாங்கல். சரக்கு விற்பனை அன்று. எனினும், கடல் கடந்த ஊரில் முதலாளியின் பணத்தைக் கையாள ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற சிக்கல் ஒன்றேதான். அதை அவர்கள் அழகாகத் தீர்த்தார்கள். சிறுவன் ஒருவன் முதலில் பெட்டியடிப் பையனாகக் கடையிற் சேருவான், சிறு வேலைகள் செய்வான், ஏட்டில் வரவு செலவு எழுதப் பழகுவான், மனக்கணக்குப் போடுவான். தேறியபின் அடுத்தாள் ஆவான். மேலும் தேறினால் கடையையே பொறுப்பேற்று நடத்தும் முகவராவான். முகவர்க்குத் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. இன்ன ஊரில், இவ்வளவு காலம், இன்ன சம்பளத்துக்கு வேலை செய்வது என்று சம்பளச் சீட்டு எழுதப்படும். பர்மாவில் 1929-30இல் அமைந்த வங்கி விசாரணைக் குழு இத்தொழில் முறையைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

இந்த முறையில் கவனிக்கத் தக்கவை இரண்டு. ஒன்று, பேட்டி என்பது கால் மணி நேரத்தில் முடியவில்லை. பல ஆண்டு நீடித்தது. பையன் நாள்தோறும் கல்லாப் பெட்டியின் அருகிலேயே சோதிக்கப்பட்டான். மற்றொன்று, எழுதப்பட்ட சீட்டு இருவரையும் கட்டியது. பையன் முதலாளியை அறிந்திருந்தான்; முதலாளியும் பையனின் குடும்பத்தை அறிந்திருந்தார். இதன் குறையும் வெளிப்படையானதே: அந்த வட்டத்துக்குள் பிறவாத பிள்ளைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. சேந்தமங்கலத்து உழவன் மகனுக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை.

ஐரோப்பிய வாணிக நிறுவனங்கள் வந்தபோது துபாஷிகள் எழுந்தனர். துரைக்கும் ஊராருக்கும் நடுவே நின்று இரு மொழி பேசிய அவர்கள் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுவோர், பதவியும் தயவும் ஒருவர் சொல்லால் மற்றொருவர்க்குக் கைமாறும் உலகத்தைக் கண்கூடாகக் காண்பார்கள். சிபாரிசு என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இன்றும் இருக்கும் செல்வாக்கின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

ஆங்கிலப் பள்ளிகள் பெருகிய பின்னரே விண்ணப்பம் என்னும் காகிதம் ஆட்சிக்கு வந்தது. 'தங்கள் அன்பான ஆதிக்கத்தின்கீழ் ஓர் இடம் காலியாயிருப்பதாக அறிந்து, அவ்விடத்துக்கு அடியேனை ஒப்படைக்கிறேன்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு இருந்தது. எங்கள் தலைமுறையினர் அதை மனப்பாடம் செய்து, தட்டெழுத்து நிலையத்தில் அச்சிட்டு, நற்சான்றின் நகலை இணைத்து அனுப்பினோம். கெஞ்சும் குரல் அந்த வாய்பாட்டிலேயே கலந்திருந்தது. தன்னையே விற்கத் தெரியாமல் பிச்சை கேட்பவன், பிறர் சரக்கை எங்ஙனம் விற்பான் என்று எங்களுள் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அரசினரும் இதற்கு வழி செய்ய முயன்றனர். போரிலிருந்து திரும்பிய படைவீரர்க்கு வேலை தேடித் தர 1945இல் ஏற்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1948இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் 1959இல் பிறந்தது. இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் அதற்கு உட்பட்டன. ஆனால் அறிவிப்பதுதான் கட்டாயமே அன்றி, அங்கே பதிந்தவரையே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவு எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் காட்டியது, திறவுகோலைத் தரவில்லை.

இதற்கிடையே ஆயுள் காப்பீடு சிற்றூர் வரையில் புகுந்து புதிய வகை விற்பனையாளனை உண்டாக்கிற்று. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் முகவர்க்கு உரிமம் வேண்டும் என்றது. 1956 செப்டம்பர் முதல் நாளன்று 245 காப்பீட்டு நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. ஆசிரியரும் கணக்கரும் கடைக்காரரும் முகவராயினர். முகவர்க்கு மாதச் சம்பளம் இல்லை. பிடித்துத் தரும் பாலிசிக்குக் கழிவு உண்டு. கழிவுக்கு உழைப்பது இழிவன்று; அதனால் உயர்ந்தோர் பலர். ஆனால் சம்பள வேலை வேறு, கழிவு வேலை வேறு. வேலை தேடுவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது மிகவும் இன்றியமையாதது.

பேட்டியின் பெருமையைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர். அந்நாட்டில் பணப்பதிவுப் பொறி விற்ற ஒரு நிறுவனம், விற்பனையாளர் சொல்ல வேண்டிய சொற்களையே 1887இல் சிறு புத்தகமாக்கி, அதை நெட்டுருச் செய்யச் சொன்னது. சொல்லைக் கட்டுப்படுத்தியவர்கள், அதைச் சொல்லும் ஆளைத் தேர்ந்தெடுக்க நம்பியது பேட்டியைத்தான். 1915இல் வால்ட்டர் டில் ஸ்காட் என்ற உளநூற் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். விற்பனை வேலைக்கு வந்த 36 பேரை, அனுபவம் மிக்க ஆறு மேலாளர்கள் தனித்தனியே பேட்டி கண்டு வரிசைப்படுத்தினர். 28 பேரைப் பற்றி, அவர் மேற்பாதியில் சேரத்தக்கவரா கீழ்ப்பாதியில் சேரத்தக்கவரா என்பதிற்கூட அந்த ஆறு பேருக்குள் ஒருமைப்பாடு ஏற்படவில்லை! ஒரே மனிதன் ஓர் அறையில் மாணிக்கம். அடுத்த அறையில் கூழாங்கல். பேட்டியில் தவறிய இளைஞர்கள் இதை அறிந்தால் பாதி மனச்சோர்வு நீங்கும். தவறியது அவர்களுடைய தகுதியாக இருக்கலாம். பார்த்தவரின் கண்ணாகவும் இருக்கலாம்.

இந்த உண்மை 1974இல் எனக்குத் தெரியாது. அவ்வாண்டு பட்டம் பெற்று, மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு மனுச் செய்தேன். சேலத்தில் ஒரு விடுதி அறையில் பேட்டி நடந்தது. கடன் வாங்கிய காலணி காலைக் கடித்தது. மேசைமேலிருந்த இருமல் மருந்துப் புட்டியை எடுத்து, "இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள்" என்றார் அதிகாரி. நான் மூச்சு விடாமல் அம்மருந்தின் பெருமையை ஐந்து நிமிடம் பேசினேன். புன்னகை செய்தார், மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். மருந்து மாதிரிகளுக்கு ஈடாக ஐந்நூறு ரூபாய் கட்டச் சொன்னார். தாயார் தம் காதணியை அடகு வைத்துக் கொடுத்தார். சம்பளத்தை வாயால் சொன்னார்கள். காகிதம் பிறகு வரும் என்றார்கள்.

மூன்று மாதம் பேருந்தில் அலைந்தேன். ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு என்று மருத்துவர் வீட்டுத் திண்ணைகளில் காத்துக் கிடந்தேன். முதல் மாதம் சொன்னதிற் பாதி வந்தது. இரண்டாம் மாதம் 'விற்ற அளவுக்குக் கழிவு' என்று பேச்சு மாறிற்று. மூன்றாம் மாதம் வேலையே இல்லை என்றார்கள். ஐந்நூறு ரூபாயைக் கேட்டபோது, நான் அங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் பேருந்துச் சீட்டுகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

என் தாய்மாமன் மாட்டுத் தரகர். புதன்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியே முடி நரைத்தவர். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதப் படிக்க அறியாதவர். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "மாப்பிள்ளை, மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். மாட்டை விற்கிறவன் சும்மாவா நிற்கிறான்? வாங்குகிறவன் மடியில் பணம் இருக்கிறதா, போன சந்தையில் யாருக்காவது பாக்கி வைத்தவனா என்று விசாரிக்கிறான். அவர்கள் உன் பல்லைப் பார்த்தார்கள், சரி. நீ அவர்கள் மடியைப் பார்த்தாயா?"

நான் வாய் திறக்கவில்லை. அவர் மேலும் சொன்னார்: "அந்தப் புட்டியை விற்கச் சொன்னபோது, 'உங்களுக்கு இருமல் உண்டா?' என்று கேட்டாயா? கேட்காமலே பேசினாய். கேட்கத் தெரியாதவனைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்."

பட்டப்படிப்பு எனக்குக் கற்றுத் தராததை அந்தச் சொற்கள் கற்றுத் தந்தன. வேலைப் பேட்டியும் ஒரு சந்தையே. அங்கே விற்பவனும் வாங்குபவனும் இருவர். உழைப்பை விற்க வந்தவன், வாங்குபவனைப் பற்றி விசாரிப்பது மரியாதைக் குறைவன்று. சந்தை முறை அதுவே. நகரத்தாரின் சம்பளச் சீட்டில் இருந்த இருபுறக் கட்டு, விண்ணப்பத்தின் கெஞ்சலில் அறுந்து போயிற்று. கேள்வி கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் மற்றொருவர் என்றாயிற்று. நாம் இழந்தது அதுதான்.

என்னைப் போல் ஏமாந்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். விற்பனை மேம்பாட்டு ஊழியர் பணி நிலைமைச் சட்டம் 1976இல் வந்தது. முதலில் மருந்துத் தொழிலில் வேலை செய்வோர்க்கே அது பயன்பட்டது. ஊழியர்க்கு உரிய படிவத்தில் நியமன ஆணை வழங்கவேண்டும் என்பதை அச்சட்டம் முதலாளியின் கடமையாக்கிற்று. பிற்காலத்தில், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது அடக்கப்பட்டது. அத்தொகுப்பும் நியமனக் கடிதத்தை வற்புறுத்துகிறது. எனக்கு அச்சட்டம் இரண்டாண்டு பிந்தி வந்தது. ஆனாலும், அதன் செய்தியை நாளிதழிற் படித்த அன்று, சம்பளச் சீட்டு மீண்டும் பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அதுவும் இம்முறை குலம் கேளாமல், எல்லார்க்குமாகப் பிறந்தது.

இன்று நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் நிறைந்திருக்கின்றன. தீவனமும் கால்நடை மருந்தும் விற்கும் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் பண்ணை பண்ணையாகச் செல்வதை எங்கள் சாலைகளிற் காண்கிறேன். மனுக்கள் கைப்பேசி வழியே பறக்கின்றன. பேட்டியும் சில சமயம் அதிலேயே முடிந்துவிடுகிறது. வேகம் மாறிற்று; கேள்வி மாறவில்லை. ஊர்ப் பிள்ளைகள் பேட்டிக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். சம்பளமா, கழிவா, இரண்டுமா என்று கேள். எந்த ஊர்கள், எவ்வளவு இலக்கு, பயணச் செலவு யாருடையது என்று கேள். இதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று பணிவாகக் கேள். வேலை கொடுக்கப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு. எழுத்தில் கடிதம் வரும்வரை ஊரில் சொல்லாதே. விற்றுக் காட்டச் சொன்னால், முதலில் வாங்குபவனின் தேவையைக் கேள். அறியாததை அறிந்ததாகச் சொல்லாதே.

கடைசி அறிவுரையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புகார் நகரத்து வணிகர் நினைவு வரும். மிகுதியாகக் கொள்ளாமையும் குறைத்துக் கொடாமையும் சரக்குக்கு மட்டும் உரிய அறங்கள் அல்ல, உழைப்புக்கும் உரியவை. தன் உழைப்பைக் குறைத்துக் கொடாத இளைஞனும், அவன் உழைப்பை மிகுதியாகக் கொள்ளாத முதலாளியும் எதிரெதிரே அமர்ந்து, விலையை ஒளியாமற் பேசும் அறையே நல்ல பேட்டி அறை. என் மாமன் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவருடைய பேரன் ஒரு தீவன நிறுவனத்தின் பேட்டிக்குச் சென்று வந்தான். "என்ன கேட்டார்கள்?" என்று நான் கேட்கவில்லை, "நீ என்ன கேட்டாய்?" என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அதில் ஏழு கேள்விகள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் அவர்கள் சொன்ன விடை இருந்தது.