கொழு பொறித்த வாசல்

பிரான்சின் வடகிழக்கே, லொரேன் நாட்டுப்புறத்தில் மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது தோம்ரெமி. இன்று அங்கு வாழ்வோர் ஏறக்குறைய நூறு பேர்தான். ஏறத்தாழ 1412இல் ஜோன் ஆஃப் ஆர்க் பிறந்தது இந்தச் சிற்றூரில்தான். போர்க்களத்து ஜோனை உலகம் அறியும். அவரை வளர்த்த குடியானவர்களின் ஊரும் அதே அளவு அறியப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த எல்லைப்புறத்தில் நூறாண்டுப் போர் என்றால் மாடுகள் பறிபோகும், வைக்கோற்போர் எரியும். கொள்ளைப் படை வரும்போது கால்நடைகளை அடைத்துக் காக்க, ஆற்றிடைத் திட்டில் இருந்த கோட்டையை 1419இல் ஊரார் குத்தகைக்கு எடுத்தார்கள். முன்னின்று பொறுப்பேற்றவர்களில் ஒருவர் ஜோனின் தந்தை ஜாக் தார்க். 1428இல் அந்தக் காப்பும் போதவில்லை. ஊரே மந்தைகளை ஓட்டிக்கொண்டு நொஃப்ஷாத்தோ நகரில் தஞ்சம் புகுந்தது.

ஜோனின் வீடு தேவாலயத்தை ஒட்டி நிற்கிறது. தடித்த கல்சுவர், ஒருபக்கமாகச் சரியும் கூரை, சில அறைகள். வாசலுக்கு மேலே 1481 என்ற ஆண்டும், உழைப்பையும் மன்னர் லூயியையும் வாழ்த்தும் வரிகளும் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள சின்னங்களில் பிரெஞ்சு அரசின் அல்லி மலர்கள் உண்டு. மூன்று கலப்பைக் கொழுக்களும் உண்டு. அரச முத்திரைக்குப் பக்கத்தில் கொழுவுக்கு இடம் கொடுத்த வாசல்கள் அரிது. 1580இல் இவ்வழியே சென்ற எழுத்தாளர் மொந்தேன், வீட்டு முகப்பில் ஜோனின் செயல்கள் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததையும் அவை சிதைந்துபோனதையும் குறித்துவைத்தார். 1818இல் வோஜ் மாவட்ட நிர்வாகம் வீட்டை வாங்கியது.

புனித ரெமி தேவாலயம் பின்னாளில் பெரிதும் மாற்றப்பட்டது. ஜோன் திருமுழுக்குப் பெற்றதாகச் சொல்லப்படும் கல்தொட்டி மட்டும் அங்கே இருக்கிறது. ஊருக்கு வெளியே, 1881இல் தொடங்கிக் கட்டிய பசிலிக்கா பிரம்மாண்டமானதுதான். ஆனால் அது ஜோனின் புகழுக்கு எழுந்த கட்டடம், அவர் வாழ்ந்த ஊரின் சுவடு அதில் இல்லை.

என்னைக் கேட்டால், கல்லைவிட உறுதியான சின்னம் ஊராரின் சாட்சியம்தான். 1431இல் ஜோனை எரித்துக் கொன்ற தீர்ப்பு மறுவிசாரணைக்கு வந்தபோது, அவருடன் வளர்ந்தவர்கள் 1456இல் பேசினார்கள். நூல் நூற்றாள், தந்தையோடு ஏர் பிடித்தாள், மந்தை மேய்த்தாள் என்றார்கள். மாலை மணியடிக்க மறந்தால் தன்னைக் கடிந்துகொள்வாள், தவறாமல் அடித்தால் அன்பளிப்பு தருவதாகவும் சொல்வாள் என்று கோயில்பிள்ளையாக இருந்தவர் நினைவுகூர்ந்தார். காவியங்கள் எவையும் இத்தனை அருகில் ஜோனைக் காட்டியதில்லை.

ஜோனின் துணையால் 1429இல் முடிசூடிய மன்னர் ஏழாம் சார்லஸ், தோம்ரெமிக்கும் அடுத்த ஊரான கிரோவுக்கும் வரிவிலக்கு அளித்தார். அதன்பின் வரிப் பதிவேட்டில் இவ்வூர்களின் பெயருக்கு நேரே தொகை எழுதப்படவில்லை. கன்னியின் பொருட்டு, அதாவது ஜோனின் பொருட்டு, வரி இல்லை என்றே எழுதினார்கள். பின்னாளில் இந்தச் சலுகை முடிவுக்கு வந்தது.