காற்றை அடைத்த பெட்டிகள்: தேயிலைப் பெட்டியிலிருந்து சப்வூபர் வரை

டயகம பக்கம் கோயில் திருவிழா என்றால் பேஸ் பெட்டி இல்லாமல் இப்போது நடப்பது குறைவு. அதில் பாதி கடையில் வாங்கியது இல்லை. பலகை வெட்டி, பசை பூசி நம்ம பொடியன்களே பூட்டியது. "நெஞ்சு அதிருது, நிப்பாட்டுங்கடா" என்று பெருசுகள் திட்டும். திட்டட்டும். இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு இருக்கு, அதில் தோட்டத்துக்கும் பங்கு இருக்கு. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

தோட்டத்தில் ஆழமான சத்தம் என்றால் முதலில் தப்புதான். காமன் கூத்துக்கும் சாவுக்கும் அடித்த அதே தப்பை, விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்குக் கூப்பிடவும் அடித்தார்கள். நம்ம வாத்தியம்தான், ஆனா நேரம் தொரையுடையது. பிறகு ரேடியோ வந்தது, கோயிலுக்குக் குழாய் ஒலிபெருக்கி வந்தது. குழாயில் குரல் மலை தாண்டிப் போகும், தப்பின் அடிநாதம் மட்டும் அதில் வராது.

அந்த நாட்களில் தோட்டத்தில் இன்னொரு பெட்டியும் இருந்தது. பெக்டரியில் தேயிலை அடைத்த ஒட்டுப்பலகைப் பெட்டி. விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே உலோகத் தாள். ஈரக் காற்று புகுந்தால் தேயிலை கெட்டுவிடும், அதற்காகவே அத்தனை இறுக்கம். கப்பலேறிய இப்படியான பெட்டிகளில் சில இங்கிலாந்தில் வாத்தியமாகின. 1950களில் அங்கே 'ஸ்கிஃபிள்' இசை பரவியபோது, வசதியில்லாத பையன்கள் வெறும் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு விளக்குமாற்றுக் கம்பும் ஒரு கயிறும் கட்டி பேஸ் வாசித்தார்கள். ஜோன் லெனன் தொடங்கிய 'குவாரிமென்' குழுவிலும் தேயிலைப் பெட்டி பேஸ் இருந்தது. பீட்டில்ஸுக்கு முந்திய கதை இது.

அதே காலத்தில் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற ஆசிரியர் வேறொரு பெட்டியோடு மல்லுக்கட்டினார். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இந்த இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், பேஸ் காணாமல் போகும். பெட்டி பின்பக்க அலையை அடைக்கத்தான். நல்ல பேஸ் வேண்டுமென்றால் அப்போது அலுமாரி அளவு பெட்டி வேண்டியிருந்தது. வில்ச்சர் சின்னப் பெட்டியை முழுதாக மூடி, உள்ளே சிக்கிய காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார். முதல் மாதிரியை வீட்டிலேயே செய்தார். கூம்பின் ஓரத்துக்கு மெத்தை உறைத் துணியை வெட்டிக் கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. 1954இல் ஹென்றி குளோஸுடன் சேர்ந்து கம்பனி தொடங்கினார். ஆக, உலகத்தை மாற்றிய பெட்டியும் வீட்டில் செய்ததுதான்.

நம்ம பொடியன்கள் செய்வதும் அதே வேலை. 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை நல்லது. தூள்பலகை மலிவு, ஆனா டயகம பனிக்கும் மழைக்கும் ஊதிவிடும். மூலைக்கு உள்ளே சட்டம் வைத்து, பசை பூசி, ஸ்க்ரூ முறுக்கணும். பிறகு மரத்தூளில் பசை குழைத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளிருந்து அடைக்கணும். வயர் போகும் ஓட்டையை மறக்கக் கூடாது. ஸ்பீக்கர் வளையத்துக்குக் கீழே பழைய சைக்கிள் டியூப் வெட்டி வைக்கலாம். கூம்பை நாலு விரலால் மெதுவாக அழுத்தி விட்டால், அது ஆறுதலாகத் திரும்பி வரணும். சட்டென்று திரும்பினால் எங்கோ ஒழுகுது. பாட்டுப் போட்டுவிட்டு மூட்டுப் பக்கம் ஊதுபத்தியைக் கொண்டு போனால் புகை ஆடிக் காட்டிக் கொடுக்கும். காற்று ஒழுகினால் ஸ்பிரிங் போச்சு, மிஞ்சுவது 'புஸ்' என்ற சத்தம்தான்.

பெட்டியை மூடலாம், லயத்தை எப்படி மூடுவது? 50 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீற்றர், 22 அடிக்கு மேல். வெள்ளைக்காரன் கட்டிய காம்பரா 10க்கு 12 அடி. ஒரு அலைகூட முழுசாக நீட்டிப் படுக்க இடமில்லாத அறை அது. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர், தலைக்கு மேலே தகரம். இங்கே போட்ட பாட்டுக்கு அடுத்த காம்பராவின் கூரை ஆடுது. "சத்தத்தைக் குறை" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்துவதும், "நாங்க எங்கதான் பாட்டுக் கேக்கிறது" என்று தம்பி முறைப்பதும் இரண்டுமே நியாயம். சண்டை அவர்களுக்கு நடுவில் இல்லை, அந்தச் சுவரில் இருக்கு.

தனி வீடும் காணி உரிமையும் கேட்கும்போது நாங்கள் சுகாதாரம், படிப்பு, பாதுகாப்பு என்று பட்டியல் போடுகிறோம். அதில் இதையும் சேர்ப்போம்: அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காமல் நமக்குப் பிடித்த பாட்டைக் கேட்க ஒரு வீடு. அதுவரை, பெட்டியைப் பொதுச் சுவரில் சாய்க்காமல் அடியில் ரப்பர் வையுங்க. பரீட்சை மாதத்தில் வயரைக் கழற்றி வையுங்க.